ஜூம் கேமராவும் உன் பதினாறு படங்களும்

கண்ணு,

கேமரா வாங்கிவிட்டேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்கும் பொறுமை இன்றைக்கு என்னிடம் இல்லை. கறுப்பு நிறம், இரண்டு கையாலும் பிடிக்க வாகான கனம். பட்டனைத் தள்ளினால் நத்தை தலையை நீட்டுவது போல லென்ஸ் மெதுவாக வெளியே வருகிறது. நேற்றுக் காலை நஞ்சராயன் குளத்துக் கரையில் நின்றபடி, அக்கரைக் கருவேல மரத்தில் உட்கார்ந்திருந்த கூழைக்கடாவின் தாடைப் பையில் இருக்கும் மடிப்பு வரைக்கும் பார்த்துவிட்டேன். வெறும் கண்ணுக்கு அது ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். உன் அப்பாவைக் கையோடு இழுத்து வந்து காட்டினேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, “ஏம்புள்ள, இந்தக் காசுக்குக் கூழைக்கடாவையே புடிச்சாந்து ஊட்டுல வளத்தியிருக்கலாமே” என்றார். சொல்லிவிட்டு அரை மணி நேரம் கேமராவைத் திருப்பித் தரவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. போனை எடுத்தாலே பந்தல்காரரும் சமையல்காரரும் நம் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். கல்யாணம் முடிந்த மறுவாரம் நீங்கள் இரண்டு பேரும் புனேவுக்கு ரயில் ஏறிவிடுவீர்கள். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் உனக்குச் செய்த ஒரு தப்பு அது. நீ மறந்திருப்பாய் என்று நினைத்திருந்தேன். நீ மறக்கவில்லை என்று போன மாதம்தான் தெரிந்தது, அது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்தக் கேமரா வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்தது.

இந்த வயதில் எனக்கு எதற்குக் கேமரா என்று நீ கேட்கவில்லை, மற்ற எல்லோரும் கேட்டார்கள். இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனியில் செக்கராக, டியூப் லைட்டுக்குக் கீழே, மேஜைக்கு ஒன்றரை அடி உயரத்தில் குனிந்து பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண் இது. ஓட்டை, ஆயில் கறை, பின்னும் ஊசி பழுதானால் துணியில் நீளமாக விழும் கோடு, ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் கலர் வித்தியாசம் என்று குறை தேடியே பழகிய கண். வேலையிலிருந்து நின்றபோது கண் டாக்டர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிட்டு, “இத்தன வருசம் கிட்டத்துலயே பாத்துட்டீங்க. இனிக் கொஞ்சம் தூரத்தப் பாருங்கம்மா” என்றார். அவர் பேச்சுவாக்கில் சொன்னதை நான் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் குளத்துக்கரை. முதல் வாரம் தண்ணீர்தான் தெரிந்தது. இரண்டாவது வாரம் நாமக்கோழிகள் தெரிந்தன, நெற்றியில் வெள்ளையாக நாமம் போட்டுக்கொண்டு கூட்டமாக. மூன்றாவது வாரம் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று அந்தரத்தில் நின்ற இடத்திலேயே இறக்கையடித்து, கல்லைப் போலத் தண்ணீரில் விழுந்து, மீனோடு எழுந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றாமலேயே இட்லிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டேன். போனில் படம் எடுத்தால் பறவையெல்லாம் எள்ளாக விழுந்தன. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும் கேமரா ஒன்று வேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்துக்கொண்டது.

யாரிடம் யோசனை கேட்பது, உன்னிடம்தானே. இந்த வீட்டில் முதன்முதலில் கேமரா பிடித்தவன் நீ. போன மாதம் கூப்பிட்டு எந்தக் கேமரா வாங்கட்டும் என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, “எனக்கு அதுக்கெல்லாம் பார்வ பத்தாதுங்கம்மா. கடையிலயே கேட்டுக்குங்க” என்றாய். அதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. உன் செருப்பு அளவைச் சொல்வது போலச் சொன்னாய். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வார்த்தை உன்னுடையது இல்லை, என்னுடையது. முப்பத்தொரு வயதுப் பிள்ளை, இத்தனை பேருக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறவன், நான் என்றைக்கோ சொன்னதை இன்னமும் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறாய்.

நீ பதினொன்றாவது படித்த வருடம், தீபாவளி போனஸ் வந்த கையோடு உனக்கு ஒரு சின்னக் கேமரா வாங்கி வந்தேன். எது வேண்டும் என்று நீ ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாய். நான் கடையில் தாளைப் பார்க்காமல், எந்த டப்பாவில் ஜூமுக்குப் பெரிய நம்பர் போட்டிருந்ததோ அதை எடுத்துக்கொண்டேன், மலிவாகவும் இருந்தது. நீ டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாய். ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் “நல்லாருக்குதுங்கம்மா” என்றாய். மூன்று மாதம் சைக்கிளில் இதே குளத்துக்குப் போய் எடுத்தாய். அதில் பதினாறைத் தேர்ந்தெடுத்து, ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, நான் வேலை முடிந்து வந்து உட்காருவதற்குள் கையில் கொடுத்தாய். அப்போது உன் முகம் இருந்த இருப்பு எனக்கு இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது, அன்றைக்கு நான் அதைப் பார்க்கவே இல்லை.

அன்றைக்குக் கம்பெனியில் நான் பாஸ் செய்த ஒரு பெட்டியைச் சரக்கு வாங்குகிறவர்களின் ஆள் பிரித்துப் பார்த்து மூன்று பீஸில் குறை எடுத்ததால், எல்லார் முன்னாலும் என்னை நிற்க வைத்துக் கேட்டிருந்தார்கள். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. என் ஏப்ரன் பையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தாள் இருந்தது. நீ சின்ன வயதில் மூக்கில் ஒட்டிக்கொண்டு விளையாடுவாயே, அதேதான். துணியில் குறை இருக்கும் இடத்தில் முனை படும்படி ஒட்டுவோம், டெய்லர் அதைப் பார்த்துச் சரிசெய்வார். உன் பதினாறு படத்தையும் பரப்பி வைத்து ஒட்ட ஆரம்பித்தேன். இங்கே மங்கல், இங்கே கலங்கல், இங்கே கலர் வெளுப்பு. ஒரு படம் தப்பவில்லை. நம்புவாயோ இல்லையோ, அக்கறையாகத்தான் செய்தேன். குறையைக் காட்டுவதைத் தவிர வேறு அக்கறை எனக்குத் தெரியாது. கடைசியில், “உனக்குப் பார்வ பத்தாது கண்ணு. படிக்கற வேலையப் பாரு” என்றேன். நீ படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். அதற்கப்புறம் உன் சைக்கிள் குளத்துப் பக்கம் போகவில்லை. ஆசை தானாக விட்டுப்போனது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

சரி, இப்போது என்னோடு கடைக்கு வா. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் இருக்கிறது. புதுசும் விற்கிறார், பழசை வாங்கிச் சரிபார்த்தும் விற்கிறார். நான் பையில் மூன்று சாமான் கொண்டு போயிருந்தேன். ஊசிக்கோடு விழுந்த வெள்ளைப் பனியன் துணி ஒரு முழம், அதை மாட்ட நாலு கிளிப், அப்புறம் பீரோவில் கிடந்த உன் பழைய கேமரா. அதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வாரா என்று ஒரு நப்பாசை.

“என்ன மாதிரி பாக்கறீங்கம்மா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“கொளத்துக்கு அக்கரையில இருக்கற பறவ தெரியோணுங்க. என்ற கையில அடங்கோணும். வெலயும் ரொம்பப் போகக் கூடாதுங்க.”

“பறவைக்குன்னு லென்ஸ் மாத்தற கேமரா இருக்குதுங்க. ஆனா அந்த லென்ஸ் வெலயக் கேட்டீங்கன்னா பேசாம படியெறங்கிப் போயிருவீங்க. லென்ஸ் மாத்த முடியாது, ஆனா நீளமா ஜூம் போகும், அந்த வகையப் பாருங்க. உங்களுக்கு அதுதானுங்க தோது.”

மூன்று கேமராவை எடுத்து வைத்தார். நான் என் துணியை எடுத்து, இதைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் அந்தக் கட்டடத்துக் கிரில்லில் மாட்ட முடியுமா என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. அந்தத் துணியில் ஒரு கோடு இருக்கிறது, அது எனக்குத் தெரியும், உங்கள் கேமராவுக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். “இருவது வருசமாக் கட வெச்சிருக்கறனுங்க. துணி கொண்டாந்து கேமராவ செக் பண்ற மொதல் ஆளு நீங்கதானுங்க” என்று சொல்லி, தானே இறங்கிப் போய் மாட்டிவிட்டு வந்தார்.

முதல் கேமராவின் டப்பாவில்தான் பெரிய நம்பர். என் கை பழைய வழக்கத்தில் அதைத்தான் எடுத்தது. ஜூமைத் தள்ளத் தள்ளத் துணி கிட்டே வந்தது, எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஓர் இடத்துக்கு மேல் போனதும் படம் கூழாகிவிட்டது. பின்னலும் இல்லை, கோடும் இல்லை. நம்பர் இவ்வளவு பெரிசாகப் போட்டிருக்கிறதே என்று கேட்டேன். “அதுல பாதிதானுங்க லென்ஸ் நெசமா இழுக்கறது. அதுக்குப் பேரு ஆப்டிகல். மிச்சம் டிஜிட்டல். வந்த படத்தையே நடுவுல வெட்டிப் பெருசாக்கிக் காட்டுமுங்க” என்றார். எனக்குப் பளிச்சென்று புரிந்துபோனது. அயர்ன் டேபிளில் அளவு வராத பனியனை ஆவி விட்டு இழுத்து வைப்பார்கள். டேப் வைத்தால் அளவு சரியாக இருக்கும். ஒரு துவைப்பில் பழைய அளவுக்கு ஓடிவிடும். அதில் கூடுதலாக ஓர் இழை நூல் கூட இல்லை. “இழுத்து உட்ட பீஸுங்க” என்றேன். “அதேதானுங்க” என்றார். நீயும் இதைக் குறித்துக்கொள், டப்பாவின் முகப்பில் என்ன எழுதியிருந்தாலும் ஆப்டிகல் எவ்வளவு என்று மட்டும் கேள்.

இரண்டாவது கேமரா அழகி. சென்சார் பெரிசு என்றார், அதாவது உள்ளே வெளிச்சத்தை வாங்கும் சில்லு பெரிசு. துணியின் வெள்ளையை வெள்ளையாகவே காட்டியது. மப்பான நாளில் இதுதான் சிறப்பாம். ஆனால் அதன் ஜூம் பாதித் தெருவிலேயே நின்றுவிட்டது, விலையோ அக்கரை வரைக்கும் போனது. மூன்றாவது, ஒருவர் கொஞ்ச நாள் பயன்படுத்திக் கொடுத்த பழசு. ஆப்டிகல் ஜூமே அறுபது மடங்கு. கண்ணை வைத்துப் பார்க்க மேலே ஒரு சின்ன ஜன்னல், வெயிலில் திரை தெரியாதபோது அதுதான் கைகொடுக்கும். முழு ஜூமில் என் கை நடுக்கத்துக்குத் துணி ஊஞ்சலாடியது. அவர் ஒரு பட்டனைத் தட்டினார், ஆட்டம் அடங்கியது. கை நடுக்கத்தைச் சமாளிக்க உள்ளேயே ஏற்பாடு இருக்கிறதாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸும் ஸ்கூட்டரும் குறுக்கே போய்க்கொண்டிருக்க, என் துணியில் ஊசிக்கோடு மேலிருந்து கீழ் வரைக்கும் தெரிந்தது. கடைக்குள் நாலு பேர் நிற்கிறார்கள் என்பதை மறந்து “தெரியுதுங்க, தெரியுதுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம், கடைக்காரர் சொன்னார். அதன் குறையையும் அவராகவே சொன்னார். “வெளிச்சம் கொறஞ்சா படம் ரவ ரவையா வருமுங்க. ஏழு மணிக்கு மேல எடுங்க. முழு ஜூமும் போகாம ஒரு புள்ளி முன்னாலயே நிறுத்துங்க.” குறையை மறைக்காமல் சொல்லி விற்கிற ஆளைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. லென்ஸில் கீறல், தூசி, நீட்டி மடக்கும்போது சத்தம், பேட்டரி எல்லாவற்றையும் என் வழக்கப்படி ஒரு மணி நேரம் பார்த்து வாங்கினேன்.

பில் போடும்போதுதான், முன்னால் குளத்துப் பறவைகளை எடுத்தது இதில்தான் என்று சொல்லி உன் பழைய கேமராவை எடுத்து நீட்டினேன். அவர் திருப்பிப் பார்த்தார். “அம்மா, இதுல லென்ஸ் இழுக்கறது மூணு மடங்குதானுங்க. மேல போட்ட நம்பர் பூராவும் இழுத்து உட்டதுதான்” என்றார், என் வார்த்தையையே எனக்குத் திருப்பிக் கொடுத்து. அப்புறம், “இத வெச்சுப் பறவ எடுத்தவங்க யாருங்க? ரொம்பப் பொறுமசாலியா இருக்கோணும்” என்று கேட்டார். என் பையன் என்று சொன்னேன். பழைய கேமராவைத் திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினேன். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு அந்த ஒரு நிமிடம் நீ ஏன் பேசாமல் இருந்தாய் என்று கடைப்படியில் இறங்கும்போது புரிந்தது. உனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் என் போனஸையும் என் முகத்தையும் பார்த்து ‘நல்லாருக்குதுங்கம்மா’ என்று சொல்லியிருக்கிறாய். அந்தக் கேமரா செய்த குறையை எல்லாம் நான் உன் தலையில் ஒட்டியபோதும் வாயைத் திறக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் மெஷின் மேல்தான் தப்பு என்று உனக்கு ஒரு மன்னிப்பு எழுதிவிட்டுப் போயிருப்பேன். மறுநாள் காலை குளத்துக்குப் போனேன், பார். நல்ல வெயில், நல்ல கேமரா, கண்ணுக்கு நேராகக் கொம்பில் மீன்கொத்தி. எழுபது படம் எடுத்தேன். இருபதில் வெறும் கொம்பு, பறவை போயே போய்விட்டது. பத்தில் வால் மட்டும். சிலதில் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. சிலதில் பறவை படத்தின் ஓரத்தில் முட்டிக்கொண்டு, சுவரில் இடித்தவன் போல நிற்கிறது. முழு ஜூமில் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த மரத்துக்குக் குடிபோய்விடுகிறது. இருபத்தாறு வருடக் கண், எழுபதில் தேறியது ஒன்றே ஒன்று, அந்தக் கூழைக்கடா. அதுவும் நகராமல் உட்கார்ந்திருந்த புண்ணியத்தில்.

வீட்டுக்கு வந்து, நீ அன்றைக்குப் படங்களைப் போட்டு வைத்த கவரைப் பீரோவிலிருந்து எடுத்தேன். பதினாறு படத்தையும் அதே மேஜையில் பரப்பினேன். நம்ப முடியவில்லை கண்ணு. கூழாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றில் கூடப் பறவை தவறிப்போகவில்லை. மீன்கொத்தி தலைகீழாக விழும் அந்த நொடி இருக்கிறது, தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால். பறக்கப் போகும் பறவைக்கு அலகுக்கு முன்னால் இடம் விட்டிருக்கிறாய். நாமக்கோழிக் கூட்டத்தில் ஒன்று மட்டும் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறாய். மூன்று மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு இவ்வளவு கிட்டே போக, சேற்றில் எத்தனை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாய். கால் முழுக்கச் சேறோடு வந்தாய் என்று அதற்கும் திட்டினேன். அம்பு ஸ்டிக்கர் எல்லாம் மங்கலைத்தான் காட்டின. படத்தை நான் பார்க்கவே இல்லை. பார்வை பத்தாதது எனக்கு.

உனக்கு ஒன்றும் அறிவுரை சொல்லும் நிலையில் நான் இல்லை, ஆனாலும் அம்மாவாயிற்றே, சொல்லாமல் விடமாட்டேன். நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிற பெண் ஆசையாக ஒன்றைச் செய்து உன் கையில் கொடுப்பாள். அது ரசமாகவும் இருக்கலாம், அவள் ஆபீஸில் போடப் போகிற திட்டமாகவும் இருக்கலாம். உன் கை தானாக ஸ்டிக்கரைத் தேடும், என் பிள்ளை அல்லவா. தேடாதே. முதலில் முழுசாகப் பார். எதை வைத்துக்கொண்டு இதைச் செய்தாள் என்று கேள். குறை எங்கேயும் ஓடிப்போகாது, அப்புறம் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம். அதே மாதிரி, யாராவது உன்மேல் ஒட்டியதைப் பதினைந்து வருடம் சுமந்துகொண்டும் இருக்காதே, ஒட்டியது அம்மாவாகவே இருந்தாலும்.

அவிநாசிக் கல்யாண மண்டபத்துக்கு வெள்ளிக்கிழமை வந்தால் போதும் என்று உன் அப்பா சொல்லியிருப்பார். நீ அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே வீட்டுக்கு வந்துவிடு. புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் குளத்துக்கரை. கேமராவை உன் கழுத்தில்தான் மாட்டப் போகிறேன், வாரைக் கூட உன் உயரத்துக்கு நீட்டி வைத்துவிட்டேன். இது உனக்குப் பரிசு இல்லை, என்னுடைய கேமரா. எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். எழுபதில் ஒன்று தேறுகிறவளுக்குப் பதினாறில் பதினாறும் தேறியவன்தான் சொல்லித் தர வேண்டும். வேலை இருக்கிறது, மாப்பிள்ளை வெயிலில் அலையக் கூடாது என்று யாராவது சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன்.

ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தேன். ஒரு படத்தில் மேல்தோல் கூடவே வந்துவிட்டது, அதனால் மிச்சத்தை விட்டுவிட்டேன், என் தப்பும் அதிலேயே இருக்கட்டும். ஒருவர் ஒதுக்கியதை அவரே மறுபடி செக் செய்யக் கூடாது, வேறு ஆள்தான் செய்ய வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். உன் விஷயத்தில் அதை மீறினேன். இன்னொரு வழக்கமும் இருக்கிறது, உனக்கே தெரியும். பாஸ் ஆன ஒவ்வொரு பீஸிலும் அதைப் பார்த்த செக்கர் தன் நம்பரைப் போட வேண்டும். பின்னால் எந்த ஊரில் யார் குறை சொன்னாலும் அந்த நம்பரைத் தேடித்தான் வருவார்கள், அவள்தான் பதில் சொல்ல வேண்டும். என் நம்பர் பதினான்கு. உன் பதினாறு படத்தின் பின்பக்கமும் என் கையால் பதினான்கு என்று எழுதிவிட்டேன். இனி அவற்றைக் குறை சொல்ல வருகிறவர்கள் என்னிடம் வரட்டும்.

உன் அம்மா